நகல் துப்பாக்கி எவ்வளவு தாங்கும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

இந்த வாரக் கேள்வி டெக்சாஸில் இருக்கும் நம்ம நேயர் ஒருத்தர்கிட்ட இருந்து. அவர் அங்கே ஒரு வின்செஸ்டர் 1873 ரைஃபிள் வாங்கியிருக்கார். கௌபாய் படத்துல ஹீரோ கீழே இருக்கிற லீவரை டக் டக்னு இழுத்து இழுத்துச் சுடுவாரே, அதே மாடல். ஒரிஜினல் இல்லை, இத்தாலியில் செய்த நகல். போடுற தோட்டா .45 கோல்ட். கடையில் தோட்டா வாங்கிக் கட்டுப்படி ஆகலை, அதனால பித்தளைக் கூடு, பிரைமர், மருந்து, குண்டு எல்லாம் தனித்தனியா வாங்கி வீட்டிலேயே நிரப்பலாம்னு முடிவு பண்ணியிருக்கார். இதுக்கு ஹேண்ட்லோடிங்னு பேர். அங்கே இது சட்டப்படியான பொழுதுபோக்கு.

பிரச்சினை என்னன்னா, சுடும் பயிற்சிக்குப் போற இடத்தில் ஒரு நண்பர் தன்னோட மருந்து அளவை எழுதிக் கொடுத்திருக்கார். "என் ரூகர் ரிவால்வர்ல வருஷக்கணக்கா இதைத்தான் சுடறேன், ஒண்ணும் ஆகலை. உன்னோடதும் அதே .45 கோல்ட்தானே?" நேயர் கேட்கிறார்: "போடலாமா ப்ரோ?"

போடாதீங்க ப்ரோ. ஏன்னு சொல்றதுதான் இந்த எபிசோட்.

அதுக்கு முன்னாடி இந்தியாவில் கேட்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்கே இதை முயற்சி பண்ணவே கூடாது. 1959 ஆயுதச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைந்தபட்ச தண்டனையே 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். நமக்கு இது இன்ஜினியரிங் கதை மட்டும்தான்.

முதல்ல, அமெரிக்கத் துப்பாக்கிக்கு இத்தாலியில் ஏன் நகல்? லயன் காமிக்ஸ் படிச்சவங்களுக்கு இது ஆச்சரியமா இருக்காது. சிவகாசியில் இருந்து நம்ம கைக்கு வந்த டெக்ஸ் வில்லரே 1948-ல் பிறந்த இத்தாலிக்காரர்தான். அந்த நாட்டுக்கு கௌபாய் மேல அப்படி ஒரு காதல். வடக்கு இத்தாலியில் கார்தோனே வால் த்ரோம்பியானு ஒரு ஊர், பல நூறு வருஷமா துப்பாக்கித் தொழில் நடக்கிற பள்ளத்தாக்கு. பெரெட்டா அங்கேதான். 1959-ல் அதே ஊரில் உபெர்ட்டினு ஒருத்தர் பழைய அமெரிக்க மாடல்களுக்கு நகல் செய்ய ஆரம்பிச்சார். இன்னைக்கு உலகம் முழுக்க விற்கிற 1873 நகல்களில் பெரும்பகுதி அந்தக் கம்பெனியோடது.

இந்த நகல்களில் இரும்பு நல்ல இரும்பு. ஒரிஜினல் 1873-இன் உடம்பு ஆரம்ப காலத்தில் வெறும் தேனிரும்பு, அப்புறம்தான் எஃகு. இப்போ வர்றது நவீன எஃகு. அதனாலதான் "புதுசு, எவ்வளவு வேணா தாங்கும்" என்கிற எண்ணம் வருது.

எங்க ஊர் திருவெண்ணெய்நல்லூர். இந்த ஊர்க்காரங்களுக்கு நகல், மூலம் விவகாரம் புதுசில்லை. சுந்தரர் கல்யாணத்தில் ஒரு முதியவர் வந்து நீ எனக்கு அடிமைன்னு ஓலையை நீட்ட, சுந்தரர் பிடுங்கிக் கிழிச்சுப் போடறார். அவர் அசரலை. கிழிஞ்சது படி ஓலை, மூல ஓலை பத்திரமா இருக்குன்னு சொல்லி, எங்க ஊர் சபையில் கொண்டுவந்து காட்டி வழக்கை ஜெயிக்கிறார். இந்த ரைஃபிளும் அப்படித்தான். கையில் இருக்கிற பிரதி எவ்வளவு புதுசா இருந்தாலும், அதைக் கட்டுப்படுத்துறது 1873-ல் வரைஞ்ச டிசைன்.

அந்த டிசைனில் என்ன இருக்கு? எழுந்து நேரா நில்லுங்க. முழங்காலை மடக்காம நின்னா, தோளில் ஒரு நெல் மூட்டையை வெச்சாக்கூட எலும்பு தாங்கும். லேசா மடக்கினா அவ்வளவுதான், மடிஞ்சு உட்கார்ந்துடுவீங்க. 1873-க்குள்ள இருக்கிறது ரெண்டு இரும்பு முழங்கால், இடப்பக்கம் ஒண்ணு, வலப்பக்கம் ஒண்ணு. லீவரை மூடினதும் அந்த இணைப்புகள் நேர்க்கோட்டுக்கு வந்துடும். தோட்டா வெடிச்சுப் பின்னால் தள்ளும்போது அந்த நேர்க்கோடுதான் தாங்கணும். தாழ்ப்பாள் மாதிரி குறுக்கே எதுவும் கிடையாது. சின்னச் சின்ன ஊசிகளும் மெல்லிய இணைப்புகளும்தான். 1860-இல் வந்த ஹென்றி ரைஃபிளிலும், 1866-இல் வந்த செம்புக் கலவை உடம்பு வின்செஸ்டரிலும் இதே அமைப்பு.

ஜான் பிரவுனிங்னு ஒரு மேதை வந்து 1886, 1892 மாடல்களில் இதை மாத்தினார். உள்ளே ரெண்டு கனமான இரும்புக் கட்டைகள் செங்குத்தா எழும்பி, போல்ட்டின் ரெண்டு பக்கமும் பூட்டிக்கும். இதுதான் உண்மையான தாழ்ப்பாள். வெளியில் இருந்து பார்த்தா 73-ம் 92-ம் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வலு விஷயத்தில் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லை.

வின்செஸ்டர் கம்பெனிக்கே இது தெரியும். 1900-களின் தொடக்கத்தில் .44-40 தோட்டாவில் 92-க்குன்னே அதிவேக வகை ஒண்ணு விற்றாங்க. அதோட அடியில் 92-னு பொறிச்சாங்க, 73-இல் போடாதேன்னு எச்சரிக்கையும் கொடுத்தாங்க. ஏன்னா தோட்டா 73-க்குள்ளயும் கச்சிதமா நுழையும். நம்ம பாஷையில் சொன்னா, இன்டர்ஃபேஸ் ஒண்ணுதான், பின்னாடி இருக்கிற சர்வர் வேற.

இப்போ எண்கள். அமெரிக்காவில் தோட்டா அளவுகளை நிர்ணயிக்கிற அமைப்பின் சுருக்கப் பேர் ஸாமி. (ஆமா, உச்சரிப்பே அப்படித்தான். இந்த விஷயத்தில் சாமி சொன்னா கேட்டுக்கணும்.) .45 கோல்ட்டுக்கு ஸாமி வெச்ச உச்சவரம்பு 14,000 பி.எஸ்.ஐ. உங்க கார் டயரில் 32 இருக்கும், ஒப்பிட்டுப் பாருங்க. ஆனா ரூகரின் கனமான ரிவால்வர் மாதிரி சிலதுக்குன்னு கையேடுகளில் தனிப் பக்கம் போட்டு, சுமார் 30,000 வரைக்கும் போகும் அளவுகள் இருக்கு. நண்பர் கொடுத்த காகிதம் அந்தப் பக்கத்து ஆசாமியா இருக்க வாய்ப்பு அதிகம்.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி வரும். அதே இத்தாலி நகல் 1873, .357 மேக்னம் தோட்டாவுக்கும் விற்குதே? அதோட வரம்பு 35,000 ஆச்சே? அது தாங்கும்னா இது தாங்காதா?

நல்ல கேள்வி. முழங்காலுக்கு அழுத்தம் தெரியாது, விசைதான் தெரியும். விசை என்பது அழுத்தம் பெருக்கல் பரப்பளவு. .357 கூட்டின் அடிப்பகுதி ஒல்லி, .45 குண்டு. கூட்டின் வெளிவிட்டத்தை வெச்சுப் பருமட்டா கணக்குப் போட்டேன். .357 மேக்னம் 35,000-ல் பின்னால் தள்ளுறது சுமார் 1,800 கிலோ எடை அளவு. .45 கோல்ட் 14,000-ல் சுமார் 1,150 கிலோ. அதே .45-ஐ 30,000-க்கு ஏத்தினா கிட்டத்தட்ட 2,450 கிலோ. வழக்கத்தைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. போதாததுக்கு .45-க்குத் துளை பெருசுங்கிறதால சேம்பரைச் சுத்தி இருக்கிற எஃகும் மெலிசு.

சரி, கொஞ்சம் கொஞ்சமா ஏத்திப் பார்த்து, அறிகுறி தெரிஞ்சா நிறுத்திக்கலாமே? பெரிய ரைஃபிள்காரங்க சுட்ட தோட்டாவின் பிரைமரைப் பார்ப்பாங்க, தட்டையாகியிருந்தா அழுத்தம் அதிகம்னு அர்த்தம். இந்த எபிசோடில் ஒரே ஒரு விஷயம் ஞாபகம் வெச்சுக்கணும்னா அது இதுதான்: அந்த அறிகுறி 60,000 பக்கம் வேலை செய்யற துப்பாக்கிகளுக்கானது. 14,000 வரம்பு உள்ள துப்பாக்கியில் பிரைமர் முகம் மாறுறதுக்குள்ள வரம்பை எப்பவோ தாண்டியிருப்பீங்க. லாக்கில் எரர் எதுவும் வராது, சிஸ்டம் நேரா விழுந்துடும். முதல் குண்டிலேயே வெடிக்கணும்னும் இல்லை. ஊசிகள் தேயும், இணைப்புகள் நீளும், போல்ட்டுக்கும் தோட்டாவுக்கும் நடுவில் இடைவெளி விழும். ஒருநாள் கூடு பின்பக்கமா கிழியும். உங்க கன்னம் இருக்கிற இடம் அதுக்கு நேர் பின்னால்.

பழைய காலத்தில் இந்தக் கவலை ஏன் குறைவு? கருமருந்து. .44-40 என்கிற பேரிலேயே 40 கிரெயின், அதாவது சுமார் 2.6 கிராம் கருமருந்துன்னு இருக்கு. அந்த அளவு போட்டா கூடு நிரம்பிடும். மேல போட இடமே இல்லை. கூட்டின் கொள்ளளவுதான் பாதுகாப்பு வால்வு. படியால் அளக்கிற மாதிரி, தலை தட்டினா முடிஞ்சது. புகையில்லா மருந்து வந்ததும் கதை மாறிச்சு. அதை நிறுத்துத்தான் போடணும். கூட்டில் பாதிகூட நிரம்பாது. கவனம் சிதறி ரெண்டு தடவை ஊத்தினாலும் வெளியே வழியாது, தெரியவும் தெரியாது. அனுபவசாலிகள் ஒவ்வொரு கூட்டுக்குள்ளேயும் விளக்கடிச்சுப் பார்த்துட்டுத்தான் குண்டை அமுக்குவாங்க.

ரெண்டு தடவை நிரப்புறது மனுஷன் கூடவே வர்ற பழக்கம். 1863-ல் கெட்டிஸ்பர்க் போர் முடிஞ்சு களத்தில் 27,000-க்கு மேல் துப்பாக்கிகளைப் பொறுக்கினாங்க. குழல் வாய் வழியா மருந்து இடிக்கிற ரகம். ஏறக்குறைய 24,000 துப்பாக்கியில் மருந்து அப்படியே இருந்தது, அதில் பாதியில் ரெண்டு சுற்று. லீவர் ரைஃபிள் பிரபலமானதுக்கு இந்தத் தலைவலியும் ஒரு காரணம்னு எனக்குத் தோணும்.

நம்ம ஊர் நாட்டுத் துப்பாக்கியும் அதே வாய்வழி ரகம்தான். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் தரலாம்னு ஆயுதச் சட்டத்தின் 13-ஆம் பிரிவே இதைப் பேர் சொல்லிக் குறிப்பிடுது. ஆனா மலைக் கிராமங்களில் கள்ளத்தனமா செய்யறதுக்கு வரம்புன்னு எந்த எண்ணுமே கிடையாது. குழல் எந்தக் குழாய்னு தெரியாது, சோதனைக் குண்டு போட்டுப் பார்த்தவங்க யாருமில்லை. இத்தாலி நகலை விற்கிறதுக்கு முன்னாடி அரசு சோதனைக் கூடத்தில் வழக்கத்தைவிட அதிக அழுத்தத்தில் சுட்டு முத்திரை குத்துறாங்க. காட்டுப்பன்றியை விரட்டத் தூக்கின குழல் தன் கையிலேயே வெடிச்சவருக்கு அப்படி ஒரு முத்திரை இருந்ததில்லை.

டெக்சாஸ் நண்பருக்கு மிச்ச விஷயங்கள். மருந்து தயாரிக்கிற கம்பெனியின் கையேட்டில் சாதாரண .45 கோல்ட் பக்கத்தை மட்டும் பாருங்க, அதிலும் ஆரம்ப அளவில் தொடங்குங்க. ரூகர்னு தலைப்பு இருந்தா பக்கத்தைப் புரட்டுங்க. உங்க ரைஃபிளில் தோட்டாக்கள் குழலுக்கு அடியில் ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணா நிற்கும். ஒண்ணோட மூக்கு அடுத்ததோட பிரைமர் மேல. அதனால தட்டை மூக்குக் குண்டுதான், கூர் மூக்கு வேண்டவே வேண்டாம். கூட்டின் வாயை நல்லா மடக்கிக் கவ்வ வைங்க. இல்லைன்னா ஸ்பிரிங் தள்ளுறதில் குண்டு உள்ளே இறங்கும், இடம் சுருங்கும், அளவு சரியா இருந்தும் அழுத்தம் ஏறும். மொத்த நீளமும் கையேட்டில் உள்ளபடியே இருக்கணும். தோட்டாவைத் தூக்கித் தர்ற கட்டை ஒரே நீளத்துக்குச் செஞ்சது, நீளம் கூடினா சிக்கிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை துப்பாக்கி மெக்கானிக்கிட்ட கொடுத்து அந்த இடைவெளியை கேஜ் வெச்சு அளக்கச் சொல்லுங்க.

ஒரு உபரித் தகவல்: ஒரிஜினல் 1873-இல் .45 கோல்ட் மாடலே வந்ததில்லை. நீங்க படத்தில் பார்த்து ஆசைப்பட்டு வாங்கின காம்பினேஷன் நகல்காரங்க கண்டுபிடிச்சது.

அடுத்த வாரம் பிரஷர் குக்கர் வெயிட் பத்திப் பேசலாம். கேள்வி இருந்தா வாய்ஸ் நோட் அனுப்புங்க.