புயலுக்கு முன் வீட்டு மரங்களைக் கவனியுங்கள்

வீட்டுக் கொல்லையில் முப்பது, நாற்பது ஆண்டுகளாக நிற்கும் ஒரு மாமரத்தையோ வேம்பையோ பணம் கொடுத்து வாங்க முடியாது. ஆனால் அதே மரம் ஐப்பசி, கார்த்திகைப் புயலில் சாய்ந்தால் கூரையை உடைக்கும், மின்கம்பியை அறுக்கும், சில நேரம் உயிரையும் வாங்கிவிடும். 2016 டிசம்பர் 12-ல் சென்னையைத் தாக்கிய வர்தா புயலிலும், 2018 நவம்பர் 16-ல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜா புயலிலும் இதை நேரில் கண்டோம். அதன் பிறகு, ‘வீட்டருகே மரமே வேண்டாம்’ என்று நல்ல மரங்களையும் சிலர் வெட்டிவிட்டனர். வேறு சிலர் ஆண்டுதோறும் மரத்தை மொட்டையடிக்கின்றனர். இரண்டும் சரியல்ல. எந்த மரம் விழும், ஏன் விழும் என்பதைத் தெரிந்துகொண்டு, ஆடி, ஆவணி மாதங்களிலேயே செய்ய வேண்டியதைச் செய்தால் பெரும்பாலான மரங்களைக் காப்பாற்றலாம்.

மரம் ஏன் சாய்கிறது?

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் மரத்தின் மேல் அதன் தாக்குதல் நான்கு மடங்காகிறது. புயலுக்கு முன் பெய்யும் மழையில் மண் இளகி, வேரின் பிடிப்புக் குறைந்துவிடுகிறது. புயலின் மையம் ஓர் ஊரைக் கடக்கும்போது சற்று நேரம் காற்று ஓய்ந்து, பின் எதிர்த்திசையிலிருந்து வீசும். ஒரு பக்கம் அசைந்து தளர்ந்த மரம் இந்த இரண்டாவது காற்றில் விழுந்துவிடுவதுண்டு.

‘பெரிய மரத்துக்கு ஆணிவேர் ஆழத்தில் இருக்கிறது, மேல் வேரை வெட்டினால் ஒன்றும் ஆகாது’ என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவல்ல. முதிர்ந்த மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டு, மூன்று அடி ஆழத்துக்குள்ளேயே இருக்கிறது. அவை கிளைகளின் நிழலையும் தாண்டிப் பரவி, கூடாரத்தை இழுத்துக் கட்டிய கயிறுகள் போல் மரத்தைப் பிடித்து நிற்கின்றன.

இதை நான் என் வீட்டிலேயே பாடமாகக் கற்றேன். பட்டுக்கோட்டைப் பக்கம் உள்ள எங்கள் பூர்வீக வீட்டில் என் தாயார் வைத்த வேப்பமரம் ஒன்று இருந்தது. 2015-ல் சுற்றுச்சுவர் கட்டினோம். மரத்திலிருந்து மூன்றடி தள்ளி வடபுறம் அஸ்திவாரம் தோண்டியபோது, கைத்தடிமனில் மூன்று வேர்கள் குறுக்கிட்டன. சுவரை அந்த இடத்தில் சற்று வளைத்திருக்கலாம். ஊராருக்கெல்லாம் வேரைப் பற்றிச் சொல்லும் நான், கொத்தனாரின் அவசரத்துக்கு இணங்கி, ‘வெட்டிவிடுங்கள்’ என்றேன். மூன்று ஆண்டுகள் மரம் பச்சையாகவே நின்றது. கஜா புயலன்று வடக்கிலிருந்து வீசிய காற்றில், பிடிக்க வேரின்றித் தெற்கே மாட்டுக்கொட்டிலின் மேல் சாய்ந்தது. பசுவை மாலையிலேயே திண்ணைக்கு மாற்றியிருந்ததால் அது தப்பியது. மறுநாள் பார்த்தேன், வெட்டிய மூன்று வேர்முனைகளும் கறுத்து மக்கியிருந்தன. அவ்வளவு வேகமான காற்றில் அது எப்படியும் விழுந்திருக்கும் என்று உறவினர் ஆறுதல் சொன்னார்கள். அம்மா ஒன்றும் சொல்லவில்லை.

ஆகவே, அடிமரத்தின் குறுக்களவு ஓர் அடி என்றால், சுற்றிலும் பத்து முதல் பன்னிரண்டு அடிக்குள் பள்ளம், கழிவுநீர்த்தொட்டி, குழாய் வாய்க்கால் எதையும் கூடுமானவரை தோண்டாதீர்கள். தோண்டியே தீர வேண்டுமானால் வேருக்கு அடியில் துளையிட்டுக் குழாயைச் செலுத்துங்கள். தூரை ஒட்டிச் சிமெண்டுத் தளம் போடுவதும், தூரின் மேல் மண்ணைக் குவிப்பதும் வேரை மூச்சுத் திணறச் செய்யும். பலா மரத்தின் அடியில் தண்ணீர் தேங்கினால் வேர் எளிதில் அழுகும்; வடிகால் அமைத்துவிடுங்கள்.

மரத்தைச் சோதிக்கும் முறை

காலை வெளிச்சத்தில் மரத்தை ஒருமுறை சுற்றி வாருங்கள். கீழ்க்கண்டவற்றைக் கவனியுங்கள்.

1. தூரிலோ வேர்களிலோ தட்டுக் காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை அழுகிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

2. மரச்சுத்தியலால் அடிமரத்தைத் தட்டுங்கள். ‘டொம் டொம்’ என்று வெற்றோசை கேட்டால் உள்ளே பொந்து இருக்கலாம்.

3. இரண்டு பெரிய கிளைகள் ஒன்றையொன்று நெருக்கிக் குறுகலான கவட்டையாகப் பிரிந்து, இடையில் பட்டை சிக்கியிருந்தால், அந்த இடம் புயலில் பிளக்கும்.

4. பல ஆண்டுகளாகச் சாய்ந்து, நுனி நிமிர்ந்து வளர்ந்த மரம் பெரும்பாலும் ஆபத்தானதல்ல. ஆனால் அண்மையில் சாய்ந்த மரம், அடியில் மண் வெடித்தோ மேலெழும்பியோ காணப்படும் மரம் ஆபத்தானது. அது வீட்டை நோக்கிச் சாய்ந்திருந்தால் தயங்காமல் அகற்ற வேண்டும்.

பொந்துகளைச் சிமெண்டால் அடைக்கும் பழக்கம் முன்பு பரவலாக இருந்தது. இப்போது அதைச் சிபாரிசு செய்வதில்லை. மரம் காற்றில் வளையும், சிமெண்டு வளையாது. இரண்டும் உரசுவதோடு, உள்ளே ஈரமும் தங்கி அழுகல் அதிகமாகிறது.

கவாத்து செய்யும் முறை

மரத்தின் உச்சியை அடியோடு வெட்டி மொட்டையடிக்கக் கூடாது. வெட்டிய இடத்தில் கொத்தாகக் கிளம்பும் போத்துகள் பட்டையை ஒட்டி மேலோட்டமாகவே பொருந்தியிருக்கும். இரண்டு, மூன்று ஆண்டுகளில் அவை கனத்து, முதல் புயலிலேயே முறியும். முருங்கை மட்டும் இதற்கு விலக்கு. அதன் கட்டை மென்மையானது. மழைக்கு முன் தாழ வெட்டிவிட்டாலும் மீண்டும் தழைத்துக் காய்க்கும்.

மற்ற மரங்களில் முதலில் காய்ந்த கிளை, நோயுற்ற கிளை, ஒன்றோடொன்று உரசும் கிளை ஆகியவற்றை எடுங்கள். பிறகு கூரையின் மேல் நீண்டு கிடக்கும் கிளைகளைக் குறையுங்கள். காற்று ஊடுருவிச் செல்ல இடம் இருந்தால் போதும். ஓர் ஆண்டில் பசுங்கிளைகளில் கால் பங்குக்கு மேல் எடுக்க வேண்டாம். மாமரத்தில் அறுவடை முடிந்தவுடன் இதைச் செய்வது நலம்.

பெரிய கிளையை மூன்று வெட்டில் எடுக்க வேண்டும். அடிமரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, கிளையின் அடிப்புறத்தில் மூன்றில் ஒரு பங்கு ஆழம் ரம்பத்தால் அறுங்கள். அதற்கு இரண்டு அங்குலம் வெளியே மேலிருந்து அறுத்தால், பட்டை உரியாமல் கிளை விழும். மீதியுள்ள முளையை, கிளை தொடங்கும் இடத்தில் உள்ள புடைப்பான கழுத்துக்குச் சேதமின்றி அதன் வெளிவிளிம்பில் அறுத்தெடுங்கள். அந்தக் கழுத்துத்தான் காயத்தை மூடும்.

காயம் ஈரத்தில் பூசணம் பிடிக்காமலிருக்க போர்டோ பசை தடவலாம். 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியே மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரத்தில் கரைத்து, பின் இரண்டையும் ஒன்றாகக் கலக்குங்கள். இரும்புக் கத்தியை அதில் சற்று நேரம் வைத்து எடுங்கள். செந்நிறம் படிந்தால் இன்னும் சிறிது சுண்ணாம்பு சேர்க்க வேண்டும்.

மின்கம்பிக்கு அருகே உள்ள கிளையை நீங்களே வெட்ட முயலாதீர்கள். மின்வாரியத்துக்குத் தெரிவித்து, மின்சாரத்தை நிறுத்திய பிறகே வேலை நடக்க வேண்டும்.

தென்னைக்குத் தனிக் கவனம்

புயல் எச்சரிக்கை வந்தவுடன் முற்றிய குலைகளை இறக்கி, காய்ந்த மட்டைகளையும் கீழே தொங்கும் கனமான மட்டைகளையும் அகற்றுங்கள். பச்சை மட்டையை வெட்ட நேர்ந்தால் தண்டிலிருந்து நான்கடி விட்டு வெட்டுங்கள். தண்டை ஒட்டி வெட்டினால் அந்தக் காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வந்து சேரும்.

அடித்தண்டிலிருந்து செம்பழுப்பு நிறச் சாறு வடிந்தால் அது தஞ்சாவூர் வாடல் நோய். 1952 புயலுக்குப் பின் தஞ்சை மாவட்டத்தில் கடுமையாகத் தோன்றியதால் இப்பெயர் பெற்றது. இந்நோய் கண்ட மரத்தில் வேர் அழுகிப் பிடிப்பு இராது. தொடக்க நிலையில் மரத்துக்கு 40 லிட்டர் ஒரு சத போர்டோ கலவையை வட்டப்பாத்தியில் ஊற்றி, ஆண்டுக்கு 5 கிலோ வேப்பம் பிண்ணாக்கும் இடுங்கள். முற்றிய நிலையில் மரத்தைத் தூரோடு தோண்டி எரித்துவிடுவதே நல்லது.

புயலுக்குப் பின்

அறுந்த கம்பி எதையும் தொடாதீர்கள். சாய்ந்த இளமரங்களை மண் ஈரமாக இருக்கும்போதே மெதுவாக நிமிர்த்தி, சாக்குத்துணி சுற்றி, மூன்று திசைகளில் கயிறு கட்டி நிறுத்துங்கள். அடுத்த மழைக்காலம் முடியும் வரை கயிறு இருக்கட்டும்; பட்டையில் இறுகாமல் அவ்வப்போது தளர்த்துங்கள். முழுதும் வேரோடு பெயர்ந்த பெரிய மரத்தை நிமிர்த்தினாலும் அது உறுதியாக நிற்பது அரிது.

விழுந்த இடத்தில் மீண்டும் மரம் வையுங்கள். புன்னை, மகிழம், புங்கம், வேம்பு, நாவல் ஆகியவை கடலோரக் காற்றைத் தாங்கி நிற்கக் கூடியவை. பையில் வளைந்து சுருண்ட வேர்களை நடும்போதே வெட்டி நீக்குங்கள். இல்லாவிட்டால் பெரிய மரமான பிறகும் வேர் சுருண்டே நின்று மரம் சாயும்.

எங்கள் வீட்டிலும் 2019 ஆடியில் ஒரு வேப்பங்கன்று வைத்தோம். இம்முறை சுவரிலிருந்து பதினைந்து அடி தள்ளி வைத்தோம். இடத்தைக் காட்டியவர் அம்மா.