குவாங்சோ பயணம்: தூரத்தை விட நேரக்கணக்கே முக்கியம்

புறக்கோட்டை வியாபாரிகளுக்கு சீனாவின் குவாங்சோ புதிய ஊரல்ல. விளையாட்டுப் பொருட்கள் முதல் துணிமணி வரை நம்மவர்களின் கடைகளை நிரப்பும் சாமான்களில் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. ஆனால் டிக்கட்டின் விலையை நான்கு இடங்களில் விசாரிக்கும் நாம், நேரக்கணக்கை ஒரு தடவையாவது சரிபார்க்கிறோமா?

கட்டுநாயக்கவிலிருந்து குவாங்சோவுக்கு வான்வழித் தூரம் சுமார் 4,000 கிலோமீற்றர். நேரடி விமானத்தில் ஏறக்குறைய ஐந்து முதல் ஐந்தரை மணித்தியாலங்கள் செல்லும். வேண்டிய நாளில் நேரடி விமானம் கிடைக்காமல் கோலாலம்பூர் வழியாகச் சென்றால் தூரம் 5,000 கிலோமீற்றரைத் தாண்டிவிடும். விமானம் மாறக் காத்திருப்பதையும் சேர்த்தால் ஒரு வேலைநாளே போய்விடும். டிக்கட்டில் மிச்சப்படுத்திய பணம் அந்த நாளின் வியாபாரத்துக்கு ஈடாகுமா என்று கணக்குப் பாருங்கள்.

இலங்கை நேரத்தை விட சீன நேரம் இரண்டரை மணித்தியாலங்கள் முந்தியது. டிக்கட்டில் புறப்படும் நேரம் நமது நேரமாகவும், சென்றடையும் நேரம் அந்த நாட்டு நேரமாகவும் இருக்கும். அதிகாலை 1 மணிக்குப் புறப்பட்டு ஐந்தரை மணித்தியாலம் பறந்தால், நமது கடிகாரத்தில் காலை 6.30. அங்கோ 9 மணி. குடிவரவுச் சோதனை முடிந்து நகருக்குள் போய்ச் சேர நண்பகலாகிவிடும். அன்று காலையிலேயே தொழிற்சாலைக்காரரைச் சந்திப்பதாக வாக்களிப்பது புத்திசாலித்தனமல்ல. திரும்பும்போது எதிர்க்காற்றினால் பயணம் சற்று நீளவும் கூடும்.

1957 முதல் நடைபெறும் கன்டன் கண்காட்சிக்குச் செல்வோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஏப்ரல், ஒக்டோபர் மாதங்களில் 15ஆம் திகதி தொடங்கும் இக்கண்காட்சி மூன்று கட்டங்களாக, ஒவ்வொன்றும் ஐந்து நாட்கள் நடைபெறுகிறது. மின்சாதனங்கள் முதற்கட்டத்தில், வீட்டுப் பாவனைப் பொருட்கள் இரண்டாம் கட்டத்தில், துணிமணியும் விளையாட்டுப் பொருட்களும் மூன்றாம் கட்டத்தில். கட்டம் மாறிப் போனால் 4,000 கிலோமீற்றர் பறந்தும் தேடிய சாமானைப் பார்க்க முடியாது.

பயணம் போகாதவர்களுக்கும் இந்த இரண்டரை மணித்தியாலம் முக்கியமானது. நமக்குப் பிற்பகல் 2.30 ஆகும்போது அங்கே மாலை 5 மணி. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, பகலுணவும் உண்டு கடைக்கு வந்து, முற்பணம் அனுப்பிய செய்தியைச் சொல்லத் தொலைபேசியை எடுத்தால் அங்கே அலுவலகம் மூடப்பட்டிருக்கும். சனி, ஞாயிறு வங்கி விடுமுறை. பணம் கிடைத்ததை அவர் உறுதிசெய்வது திங்கட்கிழமைதான். அதுவரை உங்கள் ஓடர் கிடப்பில் கிடக்கும். பெருநாளை நம்பிச் சரக்கு எடுப்பவருக்கு மூன்று நாள் தாமதம் கப்பலையே தவறவிடச் செய்யலாம்.

ஆகவே, சீனாவுடனான கொடுக்கல் வாங்கலை வியாழக்கிழமையே முடித்துக்கொள்ளுங்கள். கடைச் சுவரில் சீன நேரம் காட்டும் கடிகாரம் ஒன்றையும் மாட்டி வையுங்கள். செலவு சொற்பம்; பயன் பெரிது.