எஃப்2 அழுத்தாம ரன் பண்ணிட்டீங்களா... போச்சு!

போன்ல பாட்டு ஓடும்போதே வாட்ஸ்அப்ல ரிப்ளை பண்றீங்க. பின்னாடி ஏதோ ஓர் ஆப் தானா அப்டேட் ஆகிட்டிருக்கு. 1981-ல் வந்த ஐ.பி.எம் பி.சி-யில் இதுக்கெல்லாம் வழியே இல்லை. அதில் இருந்த டாஸ், ஒரு நேரத்தில் ஒரு புரோகிராமைத்தான் ஓட்டும்.

இதில் அதிகம் மாட்டிக்கொண்டது, புரோகிராம் எழுதியவர்கள். எடிட்டரில் கோடிங் எழுதணும். சேவ் பண்ணி எடிட்டரை மூடணும். அப்புறம் கம்பைலர், அது சில நேரம் வேற ஃபிளாப்பியில் இருக்கும். அடுத்து லிங்க்கர். 17-வது வரியில் தப்புன்னு வந்தால், அந்த நம்பரை ஞாபகம் வெச்சுக்கிட்டு மறுபடியும் எடிட்டரைத் திறக்கணும். விட்டுப்போனது ஒரேயொரு செமிகோலனா இருக்கும்!

1983-ல் போர்லண்ட் நிறுவனம் டர்போ பாஸ்கலை 49.95 டாலருக்கு வெளியிட்டது. ஆண்டர்ஸ் ஹெயில்ஸ்பெர்க் எழுதிய கம்பைலரும் ஓர் எடிட்டரும் ஒரே புரோகிராமுக்குள். சைஸ் 40 கே.பி-கூட இல்லை. உங்க ஃபேமிலி குரூப்ல வர்ற குட்மார்னிங் படம் இதைவிடப் பெருசு. தப்பு இருந்தால், கர்சரே அந்த இடத்துக்குப் போய் நிற்கும்.

ஆனா, அடியில் இருந்த டாஸ் மாறலையே! ரன் கொடுத்ததும், எடிட்டர் மொத்தப் பொறுப்பையும் உங்க புரோகிராமிடம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடும். அது முடிந்தால்தான் எடிட்டர் திரும்ப வரும். லூப்பில் கண்டிஷனைத் தப்பாகப் போட்டு, அது முடியவே முடியலைன்னா? இப்போ ஆப் தொங்கினால், 'காத்திருக்கவா, மூடவா?'ன்னு ஆண்ட்ராய்டு கேட்குதே, அப்படிக் கேட்க அங்கே ஆள் கிடையாது. பெரும்பாலும் மெஷினை ரீஸ்டார்ட் பண்ணணும். சேவ் பண்ணாத கோடிங் மெமரியில் மட்டும்தான் இருந்தது. ரெண்டு மணி நேர உழைப்பு காலி.

1990-ல் வந்த டர்போ சி++ நம்ம ஊர் காலேஜ் லேப்களில் ரொம்ப வருஷம் குடியிருந்தது. அந்த நீல ஸ்கிரீனில் அவுட்புட் பார்க்க ஆல்ட்+எஃப்5 அழுத்துவீங்களே, காரணம் இதுதான். எடிட்டரும் உங்க புரோகிராமும் ஒரே ஸ்கிரீனை மாத்தி மாத்திப் பயன்படுத்தின. கன்ட்ரோல்+எஃப்9 அழுத்தும் முன் எஃப்2 அழுத்தி சேவ் பண்ணியவர்கள் தப்பித்தார்கள்.

அதே 1990-ல் வந்த விண்டோஸ் 3.0-வில் பல புரோகிராம்கள் ஒண்ணா ஓடின. ஆனா, ஒவ்வொண்ணும் தானா விட்டுக்கொடுத்தால்தான் அடுத்ததுக்கு வழி. அடுத்த வருஷம் வந்த விஷுவல் பேசிக்கில் இதுக்காகவே 'டூஈவென்ட்ஸ்'னு ஒரு கட்டளை உண்டு. நீளமான லூப்பில் அதைப் போட மறந்தால், பக்கத்து விண்டோவும் சேர்ந்து உறைந்துவிடும். வலுக்கட்டாயமா பிடுங்கி அடுத்ததுக்குக் கொடுக்கும் வேலையை வீட்டு கம்ப்யூட்டர்களில் பரவலாக்கியது, 1995-ல் வந்த விண்டோஸ் 95. அதிலும் பழைய 16-பிட் புரோகிராம்கள் தங்களுக்குள் பழைய முறையிலேயேதான் ஓடின.