பார்டரில் நிற்கும் சர்க்கரை

சீனாவின் வடகிழக்கு மூலையில் டாச்சிங் என்றொரு எண்ணெய்க் கிணற்று நகரம். 1986இல் அங்கே ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைப் பரிசோதித்த மருத்துவர்கள், அவர்களில் 577 பேரை ஓர் ஆய்வுக்குத் தேர்ந்தெடுத்தார்கள். நம்மூரில் ‘சுகர் பார்டர்ல இருக்கு’ என்போமே, அந்த நிலையில் இருந்தவர்கள். குளுக்கோஸ் தண்ணீர் குடித்து இரண்டு மணி நேரமான பிறகும் இவர்களுக்குச் சர்க்கரை போதுமான அளவு இறங்கவில்லை. நீரிழிவு என்று எழுதிக்கொடுக்கும் அளவுக்கு ஏறவும் இல்லை.

ஒரு பிரிவினருக்குப் பொதுவான அறிவுரை மட்டும் கிடைத்தது. மற்றவர்களுக்கு உணவில் மாற்றம், அல்லது உடற்பயிற்சி, அல்லது இரண்டும். மாத்திரை கிடையாது. அந்த உடற்பயிற்சிப் பட்டியலைப் படித்தால் சிரிப்பு வரும். மெதுவாக நடந்தால் 30 நிமிடம், வேகமாக நடந்தாலோ சைக்கிள் மிதித்தாலோ 20, படியேறினால் 10, ஸ்கிப்பிங் ஆடினால் 5. இதில் எதைச் செய்தாலும் ஓர் அலகு. கடைக்குப் போவதும் வீட்டைச் சுத்தம் செய்வதும்கூடக் கணக்கில் சேரும். வயதானவர்களுக்கு டிஸ்கோ நடனம் வேறு! வழக்கமாகச் செய்வதற்கு மேல் தினமும் ஓர் அலகு கூட்ட வேண்டும், தெம்பிருப்பவர்கள் இரண்டு. அவ்வளவுதான்.

ஆறு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 68 பேர் நீரிழிவு நோயாளி ஆகியிருந்தார்கள். மற்ற மூன்று பிரிவுகளிலும் அது 41 முதல் 46 வரைதான். ஆனால் என்னை அசரவைத்தது அதற்குப் பிறகு நடந்தது. 1992இல் திட்டம் முடிந்துவிட்டது. யாரும் யாரையும் நடக்கச் சொல்லவில்லை. 30 ஆண்டுக் கணக்கை எடுத்தபோது, அன்று அந்த மூன்று பிரிவுகளில் இருந்தவர்களுக்கு நோய் வருவது சராசரியாக ஏறத்தாழ நான்கு ஆண்டு தள்ளிப்போயிருந்தது. இதய, ரத்தநாள நோய்களால் நேரும் மரணமும் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

நடப்பதால் உள்ளே அப்படி என்னதான் ஆகிறது? ரத்தத்திலிருந்து குளுக்கோஸை வாங்கிச் சேமிக்கும் பெரிய இடம் தசை. அதை உள்ளே கொண்டுபோக ‘குளுட்-4’ என்றொரு புரதம் இருக்கிறது. சும்மா இருக்கும் நேரத்தில் அது தசைச் செல்லுக்குள் நுண்ணிய பைகளில் பதுங்கிக் கிடக்கும். சாப்பிட்டதும் சுரக்கும் இன்சுலின் குரல் கொடுத்தால்தான் செல்லின் விளிம்புக்கு வந்து குளுக்கோஸை உள்ளே விடும். பார்டரில் இருப்பவர்களின் தசைக்கு இந்தக் குரல் சரியாகக் கேட்பதில்லை. கணையம் இன்னும் உரக்கக் கத்துகிறது, அதாவது மேலும் மேலும் இன்சுலினைச் சுரக்கிறது. ஒரு கட்டத்தில் ஓய்ந்துபோகிறது.

தசை சுருங்கி விரியும்போது கதையே வேறு. இன்சுலின் சொல்லாமலேயே, தனியான வேறொரு வழியில், அதே குளுட்-4 விளிம்புக்கு வந்துவிடுகிறது. இன்சுலினுக்குச் செவிசாய்க்காத தசையிலும் இந்த வழி அடைபடுவதில்லை. நடந்து முடித்த பின்னும் ஓரிரு நாள் தசை இன்சுலினுக்கு நன்றாக இணங்கும், பிறகு பழையபடி ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் நடப்பவர்கள் இதைக் கவனிக்கலாம்.

பின்லாந்திலும் அமெரிக்காவிலும் இதேபோல் உணவையும் உடற்பயிற்சியையும் நம்பிய முயற்சி நோய் வரும் வாய்ப்பை 58 சதவீதம் குறைத்தது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு 531 பேரிடம் செய்து 2006இல் வெளியிட்ட ஆய்வில் அது சுமார் 28 சதவீதம்தான். குறைவாகத் தோன்றலாம். ஆனால் அங்கே பலன் பெரும்பாலும் எடை இறங்கியதால் வந்தது; இங்கே எடை குறையாமலே கிடைத்தது. அதே சென்னை ஆய்வில், நீரிழிவுக்குக் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே பலனைத்தான் தந்தது, இரண்டையும் சேர்த்தபோதும் கூடுதலாக ஒன்றும் கிடைக்கவில்லை.

இத்தனை தெரிந்திருந்தும், 1990இல் சுமார் 20 கோடியாக இருந்த உலக நீரிழிவுக் கணக்கு 2022இல் 80 கோடியைத் தாண்டிவிட்டது. இந்தியாவில் பார்டரில் மட்டும் 13 கோடிக்கு மேல். தனி மனிதரின் சோம்பலை மட்டும் இதற்குக் குற்றம் சொல்வது நியாயமில்லை என்பேன். டிரான்ஸ்ஃபார்மரும் பைக்கும் பஜ்ஜிக் கடையும் போக நடைபாதையில் என்ன மிஞ்சுகிறது? இடம் இருந்தால் நடப்பார்கள். சென்னை திருமங்கலத்தின் ஆசியாட் காலனியில், விழிப்புணர்வுப் பிரச்சாரத்துக்குப் பிறகு, குடியிருப்பவர்களே காசு போட்டு ஒரு பூங்கா அமைத்தார்கள். அதற்கு முன் வாரம் மூன்று முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்தவர்கள் நூற்றுக்கு 14 பேர். பின்னர் அது 59 ஆனது.