கல்லீரலுக்கு ஏன் கிலோ பாஸ்கல்?

பதினொன்றாம் வகுப்பில் 'பருப்பொருளின் பண்புகள்' பாடத்தை நடத்தி முடித்திருந்த வாரம். இடைவேளையில் ஒரு மாணவன் மடித்த காகிதம் ஒன்றை நீட்டினான். "சார், அப்பாவோட ஃபைப்ரோஸ்கேன் ரிப்போர்ட். 12 கிலோ பாஸ்கல்னு போட்டிருக்கு. பாஸ்கல்னா அழுத்தம்தானே சார்? கல்லீரல்ல என்ன அழுத்தம்?"

நல்ல கேள்வி. பாஸ்கல் அழுத்தத்துக்கு மட்டும் உரிய அலகு அன்று. யங் குணகத்துக்கும் அதுதான் அலகு. அந்த 12, அவன் தந்தையின் கல்லீரல் எவ்வளவு கெட்டியாக இருக்கிறது என்பதன் அளவு.

மது, கொழுப்பு, மஞ்சள் காமாலை வைரஸ் என எதனால் புண்பட்டாலும் கல்லீரலில் தழும்புத் திசு சேர்கிறது. சேரச் சேர அது கெட்டிப்படும். மருத்துவர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது இதற்காகவும்தான். ஆனால் விலா எலும்புக்குள் மறைந்திருப்பதை விரலால் எவ்வளவு அறிய முடியும்?

சாதாரண ஸ்கேனிலும் இது எளிதில் தெரியாது. மீயொலி ஒரு நெட்டலை. மென்திசுக்களில் அது விநாடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. இந்த வேகத்தைத் தீர்மானிப்பது பருமக் குணகம். திசுவில் பெரும்பகுதி நீர் என்பதால், மென்மையான கல்லீரலானாலும் கெட்டியான கல்லீரலானாலும் வேகம் ஏறத்தாழ ஒன்றுதான். வேறுபடுவது விறைப்புக் குணகம். அதை அறியக் குறுக்கலை வேண்டும்.

ஃபைப்ரோஸ்கேன் செய்வது அதையே. விலா இடுக்கில் வைத்த கருவி தோலை மெல்லத் தட்டுகிறது. அந்த அதிர்வு 50 ஹெர்ட்ஸ், நம் அண்ணனூர் பணிமனை மின்ரயில்களுக்கு வரும் மின்சாரத்தின் அதிர்வெண்ணேதான். தட்டலில் பிறந்த குறுக்கலை கல்லீரலுக்குள் ஊர்ந்து போகும்போது, பல நூறு மடங்கு வேகமான மீயொலி அதைப் பின்தொடர்ந்து படம் பிடிக்கிறது. பிறகு கணக்கு: E = 3ρv². அடர்த்தியை 1000 என்று கொண்டு மாணவனையே போடச் சொன்னேன். 12,000 பாஸ்கலுக்கு v விநாடிக்குச் சரியாக 2 மீட்டர். நலமான கல்லீரலின் 5 கிலோ பாஸ்கல் அளவுக்குச் சுமார் 1.3 மீட்டர். நாம் நடக்கிற வேகம்தான்!

அந்த 12 ஒரே ஒரு அளவீடும் அன்று. பத்து முறை அளந்து எடுத்த இடைநிலை அளவு அது. கணித ஆசிரியர்கள் கவனிக்க.

இதே இயற்பியல் சென்னையிலும் பயன்படுகிறது. தமனியின் விறைப்பைப் படமே எடுக்காமல் மீயொலியால் அளக்கும் 'ஆர்ட்சென்ஸ்' கருவி, சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்ப மையத்தில் உருவானது.

வெளியிலிருந்து தட்டுவதற்குப் பதில் உள்ளிருந்தே இழுத்தால் என்ன? இரும்பு ஆக்சைடு நானோ துகள்களைத் திசுவில் செலுத்தி, வெளியே மாறுதிசை மின்னோட்டம் பாயும் மின்காந்தத்தை வைக்கிறார்கள். துகளோ மீயொலியின் கண்ணுக்குப் படாத அளவு சிறியது. 5 மெகாஹெர்ட்ஸ் மீயொலியின் அலைநீளமே 0.3 மில்லிமீட்டர். ஆனால் துகள் இழுபடும்போது கூடவே அசையும் திசு தெரிகிறது. இழுவிசை காந்தப்புலத்தின் இருமடியைச் சார்ந்தது. எனவே மின்னோட்ட அதிர்வெண்ணைப்போல் இரு மடங்கில் திசு அதிரும். மூச்சின் அசைவிலிருந்து இதைப் பிரித்தறிய அது உதவுகிறது. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தில், புற்றுநோய் சிகிச்சைக்காக நிணநீர் முடிச்சுகளைக் கண்டறிய இம்முறையை ஆராய்கிறார்கள். இது இன்னும் அன்றாட மருத்துவத்துக்கு வரவில்லை. ஒரு சிக்கலும் உண்டு. திசு குறைவாக அசைந்தால் அது கெட்டி என்பதாலா, அங்கே துகள் குறைவு என்பதாலா? ஆகவே அசைவின் அளவை மட்டும் நம்பாமல், அலை பரவும் வேகத்தையும் பார்க்க வேண்டியிருக்கிறது.

இதை வகுப்பிலேயே காட்டலாம். இரண்டு பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் கப், கடைகளில் கிடைக்கும் கடற்பாசி, மணலில் காந்தத்தால் சேகரித்த இரும்புத்தூள் போதும். ஒன்றில் கடற்பாசி குறைவாக, மற்றதில் மூன்று மடங்கு. தூளைச் சம அளவு போட வேண்டும். காரணம் மேலே சொன்னதுதான். முதல் முறை சூட்டோடு போட்டேன், எல்லாம் அடியில் போய்ப் படிந்துவிட்டது. பாதி உறைந்த பிறகு போட்டு, மேலே கொஞ்சம் கரைசல் ஊற்றினால் சரியாக வரும். உறைந்ததும் மேற்பரப்பில் சிறிய கண்ணாடித் துண்டு ஒன்றை வைத்து, அதில் பட்ட வெயில் சுவரில் விழும்படி செய்யுங்கள். கண்ணாடியை நடுவில் வைத்தால் சாயாது, சற்று ஓரமாக வைக்க வேண்டும். பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கப்புக்கு அடியில் கொண்டுபோய் விலக்க, மென்மையான கப்பின் ஒளிப்புள்ளி சுவரில் துள்ளியது. மற்றது அசைந்தும் அசையாமலும் நின்றது.

ரிப்போர்ட் யாருடையது என்று வகுப்பில் சொல்லவில்லை. நம் வகுப்புகளில் அப்படிப்பட்ட அப்பா ஒருவர் மட்டும் இல்லை.

எல்லோரும் போன பிறகு அவன் கேட்டான்: "அப்பாவோடது எந்தக் கப் சார்?"

அளக்கும் முன் சாப்பிட்டிருந்தால்கூட எண் கூடும், கல்லீரல் வீங்கியிருந்தாலும் கூடும், மற்ற சோதனைகளோடு சேர்த்துப் பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும் என்றேன். அடுத்த முறை அப்பாவோடு நீயும் போ என்றேன். தலையாட்டிவிட்டு, இரண்டு கப்களையும் கழுவி வைத்துவிட்டுப் போனான்.