வீடு இங்கே... குளம் அங்கே!

பார்க்கப் பல்லி மாதிரி இருக்கும். ஆனால், தவளைக்குத்தான் உறவு. நீளம் ஒரு சாண்கூட இருக்காது. ஆரஞ்சு நிற வயிற்றில் கறுப்புத் திட்டுகள். ‘கிரேட் கிரெஸ்டட் நியூட்’ என்ற இந்தக் குட்டி உயிரினம் மனைக்குப் பக்கத்தில் இருந்தால், இங்கிலாந்தில் எவ்வளவு பெரிய பில்டரும் யோசித்துத்தான் வேலையைத் தொடங்குவார். காரணம், அனுமதி இல்லாமல் இதைக் கொல்வதும் இதன் இருப்பிடத்தை அழிப்பதும் அங்கே குற்றம்.

முன்பெல்லாம் மனையைச் சுற்றி பிளாஸ்டிக் வேலி போட்டு, மண்ணில் வாளிகளைப் புதைத்து, அதில் விழும் நியூட்டுகளை வேறு இடத்தில் கொண்டுபோய் விடுவார்கள். பல வாரங்கள் இழுக்கும். இப்போது இன்னொரு வழியும் உண்டு. பில்டர் பணம் கட்டிவிடலாம். அந்தப் பணத்தில் வேறு இடத்தில் புதுக் குளம் வெட்டுவார்கள். தூர்ந்துபோன குளங்களைச் சீரமைப்பார்கள்.

2024 பிப்ரவரியில் இன்னொரு சட்டமும் அமலுக்கு வந்தது. புதிய கட்டுமானங்கள் பலவும், இருந்த இயற்கையைவிட 10 சதவிகிதம் கூடுதலாகத் திருப்பித் தர வேண்டும். மனைக்குள் முடியாவிட்டால், வெளியே ஒரு நிலத்தில் புல்வெளியோ, புதர்க்காடோ உருவாக்கலாம். அதை 30 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். தூரம் கூடக் கூட, அதற்குக் கிடைக்கும் மதிப்பெண் குறையும். 1600-ம் ஆண்டிலிருந்து தொடர்ந்து காடாகவே இருக்கும் பழைய வனங்களை இந்தக் கணக்கில் ஈடுகட்டவே முடியாது.

சரி, நியூட்டுக்கு இது நியாயமா? அது பெரும்பாலும் குளத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் சுற்றும். சில மைல் தள்ளி வெட்டிய குளத்துக்கு அதனால் நடந்துபோக முடியாது. பழைய மனையில் இருந்தவற்றில் சில புல்டோசருக்குப் பலியாகலாம்.

‘சாலைகளுக்கு நடுவே சிக்கிய ஒற்றைக் குளத்தில் அந்த இனம் எப்படியும் அழிந்துவிடும். அடுத்தடுத்து நாலு குளங்கள் இருந்தால்தான் பெருகும்’ என்பது ஆதரிப்பவர்களின் வாதம். அதிலும் உண்மை இருக்கிறது.

ஆனால், குளம் வெட்டுவதோடு வேலை முடிவதில்லை. யாராவது அதில் மீன்களை விட்டால் போதும், நியூட் குஞ்சுகளை அவை தின்று தீர்த்துவிடும். புதர் மண்டினாலும் குளம் தூர்ந்துவிடும். வீட்டுச் சாவி ஒரே நாளில் கைமாறிவிடும். குளத்தையோ வருடக்கணக்கில் யாராவது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஆள் இல்லாவிட்டால், கட்டிய பணம் வெறும் ரசீதுதான்!