படம் திணறுகிறதா? கேஷை அழித்தால் சரியாகுமா?

கடலூர் மாவட்டத்தில், சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் இருக்கிறது வேப்பூர். அந்த ஊர் வீடுகளிலும் இப்போது டெலிவிஷனோடு ஒரு சின்னப் பெட்டியை இணைத்து, இன்டர்நெட் மூலம் படம் பார்க்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை. சாப்பாடு முடிந்தது. குடும்பம் முழுவதும் படம் பார்க்க உட்காருகிறது. ரிமோட்டை அமுக்கினால், பத்து எண்ணிய பிறகுதான் திரை அசைகிறது!

"என்னடா தம்பி, படம் வரலியே?" என்கிறார் தாத்தா.

"இருங்க தாத்தா! எல்லா ஆப்பையும் மூடிட்டு, கேஷை அழிச்சா சரியாயிடும்" என்கிறான் பேரன்.

சரியாகுமா? பேரன் சொன்னதில் கொஞ்சம் உண்மை உண்டு. மீதி வெறும் நம்பிக்கை!

பெட்டிக்குள் ஒரு பட்டறை

அந்தச் சின்னப் பெட்டியும் ஒரு கம்ப்யூட்டர்தான். அது எப்படி வேலை செய்கிறது? வேப்பூருக்குக் கிழக்கே, விருத்தாசலத்தில் உள்ள ஒரு பீங்கான் பட்டறையை நினைத்துக் கொள்ளுங்கள்.

பொம்மை செய்பவர் முன்னால் ஒரு மேஜை. கையில் உள்ள வேலைக்கு வேண்டியவை அதன்மேல் இருக்கும். பின்னால் ஒரு கிடங்கு. அடிக்கடி தேவைப்படும் அச்சுகளையும் வர்ணத்தையும் கிடங்கில் எட்டும் தூரத்திலேயே ஒரு தட்டில் வைத்திருப்பார்.

பெட்டியில் மேஜையின் பெயர் 'ராம்'. கிடங்கின் பெயர் 'ஸ்டோரேஜ்'. கை எட்டும் தட்டின் பெயர்தான் 'கேஷ்'!

2017-ம் ஆண்டு இந்தியாவில் விற்பனைக்கு வந்த அமேசான் 'ஃபயர் டிவி ஸ்டிக்'கில் மேஜை 1 ஜி.பி.; கிடங்கு 8 ஜி.பி. அந்த 8 ஜி.பி.யிலும் ஒரு பங்கு பெட்டியின் சொந்த மென்பொருளுக்கே போய்விடும். மிகச் சிறிய பட்டறை அல்லவா?

ஆப்பை மூடலாமா?

நாம் விட்டுவந்த ஆப் பெரும்பாலும் தூங்கிக்கொண்டுதான் இருக்கும். மேஜையில் இடம் போதாவிட்டால், பழைய ஆப்பைப் பெட்டியே அப்புறப்படுத்திவிடும். நாம் மூடினால், அடுத்த முறை அதைக் கிடங்கிலிருந்து மறுபடி தூக்கிவர வேண்டும். வேலை இரட்டிப்பு!

செல்போன்களைப் பற்றி 2016-ல் இதே கேள்வி எழுந்தது. பாட்டரியை மிச்சப்படுத்த ஆப்களை மூட வேண்டியதில்லை என்று ஆப்பிள் கம்பெனியின் மென்பொருள் தலைவர் கிரெய்க் ஃபெடரிகி பதில் சொன்னார்.

ஆனால் ஒரு விலக்கு உண்டு. ஓர் ஆப் அப்படியே உறைந்து நின்றால், அதை மட்டும் 'ஃபோர்ஸ் ஸ்டாப்' கொடுத்து நிறுத்தலாம். அது மருந்து. தினமும் எல்லாவற்றையும் மூடுவது வீண் வேலை.

கேஷை அழிக்கலாமா?

கேஷ் குப்பை அல்ல. படங்களின் சிறு சுவரொட்டிகள் போன்றவற்றை ஆப் அதில்தான் வைத்திருக்கும். அழித்துவிட்டால், மறுமுறை அவற்றை இன்டர்நெட்டிலிருந்து கொண்டுவர வேண்டும். முதல் தடவை இன்னும் மெதுவாகவே திறக்கும்!

எப்போது அழிக்கலாம்? கிடங்கு நிரம்பி வழியும்போது அழிக்கலாம். ஒரு குறிப்பிட்ட ஆப் மட்டும் தகராறு செய்யும்போதும் அழிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை! 'கிளியர் கேஷ்' பக்கத்திலேயே 'கிளியர் டேட்டா' என்று இன்னொன்று இருக்கும். கை தவறி அதை அமுக்கினால், ஆப்பில் நீங்கள் செய்துவைத்த ஏற்பாடெல்லாம் போய்விடும். பாஸ்வேர்டு நினைவில்லாவிட்டால், அன்றைக்குப் படம் கிடையாது!

நோய் எங்கே?

மருந்துக்கு முன் நோயைக் கண்டுபிடிக்க வேண்டும்.

ரிமோட்டை அமுக்கினால் திரை மெதுவாக நகர்கிறதா? நோய் பெரும்பாலும் பெட்டியில்.

திரை வேகமாக நகர்கிறது. ஆனால் படம் ஓடும்போது நின்று, வட்டம் சுற்றுகிறதா? நோய் பெரும்பாலும் இன்டர்நெட்டில். ஆயிரம் தடவை கேஷை அழித்தாலும் அந்த வட்டம் போகாது! 1080பி தெளிவில் படம் பார்க்க 5 எம்.பி.பி.எஸ். வேகம் வேண்டும் என்கிறது நெட்ஃபிளிக்ஸ். 4கே படத்துக்கு 15 வேண்டும். வை-ஃபை பெட்டி சுவருக்கு அப்பால் இருந்தாலும் வேகம் குறையும்.

என்ன செய்யலாம்?

முதலில், பெட்டியின் மின்சாரத்தை நிறுத்துங்கள். ஒரு நிமிடம் கழித்து மறுபடி போடுங்கள். மேஜை முழுவதும் சுத்தமாகிவிடும். பல சமயம் இதுவே போதும்.

இரண்டாவது, யாரும் பார்க்காத ஆப்களை நீக்கிவிடுங்கள். கேஷ் மறுபடி நிரம்பும். நீக்கிய ஆப்பின் இடம் நமக்கு மிச்சம்.

மூன்றாவது, பெட்டியைத் தொட்டுப் பாருங்கள். டெலிவிஷனுக்குப் பின்னால் காற்றில்லாமல் சூடேறினால், அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். காற்றுப் படும்படி வையுங்கள்.

நான்காவது, அதனோடு கொடுத்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். டெலிவிஷனின் யு.எஸ்.பி. துளையிலிருந்து வரும் மின்சாரம் போதாமல் போகலாம்.

'உங்கள் பெட்டியைச் சுத்தம் செய்கிறோம்' என்று வரும் ஆப்களை நம்பாதீர்கள். அவையும் அதே சின்ன மேஜையில்தான் இடம் பிடிக்கும்!

இத்தனைக்குப் பிறகும் திணறினால், பெட்டிக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். அப்போது புதிது வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம். அதுவரை சில ஆயிரம் ரூபாயை அவசரப்பட்டுச் செலவழிக்க வேண்டாம்!